டொயோட்டாவின் லைன் நின்ற நாட்கள்: 1997 முதல் 2023 வரை ஒரு நிகழ்வு ஆய்வு

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை, விடியற்காலை 4.18 மணி. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் கரியா என்ற ஊரில், ஐசின் செய்கி நிறுவனத்தின் முதலாம் ஆலையில் தீப்பிடித்தது. காலை ஒன்பது மணிக்குள் அங்கிருந்த பிரேக் வால்வு உற்பத்தி லைன்கள் ஏறக்குறைய முழுவதும் கருகிவிட்டன. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த வால்வின் விலை ஆயிரம் யென் அளவுதான். ஆனால் டொயோட்டா கார்களுக்குத் தேவையான அந்த வகை வால்வில் 99 சதவீதம் ஐசினிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நாளொன்றுக்கு 32,500 வால்வுகள். டொயோட்டாவின் லைன் ஓரத்தில் இருந்த கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான் வரும். கிடங்கிலும் லாரியிலும் இருந்ததைச் சேர்த்தாலும் இரண்டு மூன்று நாளைத் தாண்டாது.

நான் ஓசூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் நெடுநாளாக வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தத் தீ விபத்து நன்றாகத் தெரிந்த கதை, பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும். வகுப்பில் அது வெற்றியோடு முடிந்துவிடும்: எல்லோரும் கைகொடுத்தார்கள், சில நாளில் லைன் மறுபடி ஓடியது. ஆனால் அதற்குப் பிறகும் 26 ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் லைன்கள் நிலநடுக்கத்தால் நின்றன, சிப் கிடைக்காமல் நின்றன, கணினித் தாக்குதலால் நின்றன, கடைசியில் ஒரு சர்வரில் இடம் போதாமல் நின்றன. உற்பத்தி ஒழுங்குக்கு உலகமே பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிறுவனத்துக்கே இந்த நிலைமை. ஒவ்வொரு முறையும் முன்பு கற்றது ஓரளவு காப்பாற்றியது. ஆனால் ஒவ்வொரு முறையும் அறுந்துபோன இடம் வேறாக இருந்தது. அந்த இடம் எப்படி நகர்ந்து நகர்ந்து போனது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

கரியாவில் எரிந்த வால்வு

முதலில் அந்த வால்வு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பிரேக்கை அழுத்தினால் காரின் எடை முன்பக்கம் சாயும், பின் சக்கரங்கள் லேசாகிவிடும். அந்த நேரத்தில் முன்னும் பின்னும் ஒரே அளவு பிரேக் ஆயில் அழுத்தம் போனால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். பின்பக்கம் போகும் அழுத்தத்தை அளவாகக் குறைத்து அனுப்புவதுதான் இந்த வால்வின் வேலை. பார்த்தால் சாதாரண உலோகத் துண்டு. உள்ளே குறுகலான துளைகள் பல இருக்கும். அவற்றைக் கொஞ்சமும் பிசகாமல் போட வேண்டும். அதற்கென்றே தனி ட்ரில், பாகத்தைப் பிடித்து வைக்கத் தனி ஜிக், அளந்து பார்க்கத் தனி கேஜ். நூற்றுக்கணக்கான சிறப்பு இயந்திரங்களோடு அவையும் தீயில் போய்விட்டன.

ஒரே இடத்திலிருந்து வாங்கினார்கள் என்று டொயோட்டாவைக் குறை சொல்வது எளிது. இரண்டு சப்ளையர் வைத்துக்கொள்வதுதான் அவர்களது பொது வழக்கம். ஆனால் ஐசின் டொயோட்டா குழுமத்து நிறுவனம், தரத்தில் பிசகியதில்லை, ஒரே கூரையின் கீழ் பெரிய அளவில் செய்வதால் விலையும் இறங்கியது. ஆண்டுக்கு ஆண்டு விலையைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் வரும்போது நாங்களும் இதையேதான் செய்கிறோம். ஒரு பாகத்தில் சப்ளையர் ஒருவராகச் சுருங்குவதை யாரும் ஒரே நாளில் முடிவெடுத்துச் செய்வதில்லை. ஐந்தாறு நல்ல முடிவுகளுக்குப் பிறகு திரும்பிப் பார்த்தால் ஒருவர்தான் மிஞ்சியிருப்பார்.

தீ அணையும் முன்பே ஐசினில் நெருக்கடிக் குழு கூடியது. கூடுதல் தொலைபேசி இணைப்புகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். சனிக்கிழமையே உதவி கேட்டு அழைப்பு போனது, வால்வின் வரைபடங்கள் ஃபேக்ஸில் பறந்தன. வால்வே செய்து பழக்கமில்லாத நிறுவனங்கள் அவற்றை வாங்கிக்கொண்டு தங்களிடம் இருந்த பொதுப் பயன்பாட்டு மிஷினிங் சென்டர்களில் (கணினி வழி உலோகம் வெட்டும் இயந்திரங்களில்) டூலிங் மாற்றத் தொடங்கின. டொயோட்டா குழுமத்து உதிரிபாக நிறுவனமான டென்சோ தன் வழக்கமான வேலைகளை வெளியே கொடுத்துவிட்டு இயந்திரங்களை ஒழித்துத் தந்தது. தையல் இயந்திரத்துக்குப் பெயர்போன பிரதர், கார் பாகமே செய்திராத நிறுவனம், தன்னிடமிருந்த கணினி மில்லிங் இயந்திரத்தை வால்வுக்காகத் திருப்பியது. நேரடியாக வால்வு செய்ய இறங்கியவை 62 நிறுவனங்கள். அவற்றுக்குக் கைகொடுத்தவர்களையும் சேர்த்தால் 200-ஐத் தாண்டும்.

முதல் 1,000 நல்ல வால்வுகளைக் கொண்டுவந்து சேர்த்தது க்யோரிட்சு சாங்யோ என்ற சிறிய இரண்டாம் நிலை சப்ளையர், அதாவது நேரடி (முதல்நிலை) சப்ளையர்களுக்குப் பாகம் கொடுப்பவர். தீப்பிடித்து 85 மணி நேரம் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். பெரிய நிறுவனங்களை முந்திக்கொண்டு முதலில் வந்தது சின்னப் பட்டறைதான். மாதிரி செய்து, அளந்து, திருத்தி, மறுபடி செய்ய அங்கே யாரிடமும் ஒப்புதல் வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

டொயோட்டாவின் 30 லைன்களில் 20 பிப்ரவரி 4 செவ்வாயன்று நின்றன, மறுநாள் ஏறக்குறைய எல்லாமே நின்றுவிட்டன. மறுபடி ஓட வாரக்கணக்கில் ஆகும் என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் கணித்தார்கள். பிப்ரவரி 10-க்குள் உற்பத்தி நாளொன்றுக்கு 13,000 - 14,000 வண்டிகளுக்கு வந்துவிட்டது, அடுத்த ஒரு வாரத்தில் பழைய அளவை எட்டியது. இதற்கிடையில் ஏறக்குறைய 70,000 கார்களின் உற்பத்தி போனது.

இந்த மீட்பில் என்னை மிகவும் பாதித்தது பணக் கணக்குதான். அந்த வாரம் யாரும் விலை பேசவில்லை, பர்ச்சேஸ் ஆர்டர் கேட்கவில்லை, வரைபடத்துக்கான உரிமை யாருடையது என்று கிளறவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஐசின் அவரவர் நேரடிச் செலவை ஈடுகட்டியது. டொயோட்டா தன் முதல்நிலை சப்ளையர்களுக்கு, ஜனவரி முதல் மார்ச் வரை அவர்கள் தனக்கு விற்றதில் 1 சதவீதத்தைக் கூடுதலாகக் கொடுத்தது. மொத்தம் 1,500 கோடி யென்னுக்கு மேல். முதல்நிலையில் இருந்தவர்கள் பலர் அதே போல் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். கடைசியில் நம்மைக் கைவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கை முன்பே இருந்திருக்கிறது. அந்த நம்பிக்கையைத் தீப்பிடித்த அன்று காலையில் உட்கார்ந்து உண்டாக்கியிருக்க முடியாது.

சரி, இதே மீட்பு இன்றைக்கு நடக்குமா? அந்த வால்வே இன்று பெரும்பாலான கார்களில் இல்லை. பின் சக்கரத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்பதை இப்போது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் மின்னணு கட்டுப்பாடு முடிவு செய்கிறது. துளைபோட்ட உலோகம் செய்த வேலை சிப்புக்கும் மென்பொருளுக்கும் போய்விட்டது. வரைபடத்தை ஃபேக்ஸில் வாங்கி 85 மணி நேரத்தில் எந்தப் பட்டறையும் சிப் செய்துவிட முடியாது.

ஒற்றை ஆணியில் நிற்கும் பம்பரம்

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. 9.0 அளவிலான நிலநடுக்கம், பிறகு சுனாமி, பிறகு ஃபுகுஷிமா அணு உலை விபத்து. மனித இழப்போடு ஒப்பிட்டால் தொழில் இழப்பைப் பேசவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் சப்ளை செயின் என்ற சொல் உலகெங்கும் சாதாரண மக்களின் பேச்சுக்குள் வரத் தொடங்கியதில் அந்த ஆண்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

டோக்கியோவுக்கு வடகிழக்கே ஹிட்டாச்சினாகா ஊரில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை இருக்கிறது. கார்களின் எஞ்சின், பிரேக், ஏர்பேக் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்களில் உலகச் சந்தையின் ஏறக்குறைய 40 சதவீதம் அப்போது ரெனசாஸ் கையில். நிலநடுக்கத்தில் அந்த ஆலை பலத்த சேதம் அடைந்தது. ஒரு தூசு விழுந்தாலே கெட்டுப்போகும் சுத்த அறைகள் அவை. கார் நிறுவனங்களும் கருவி செய்பவர்களும் கட்டுமான நிறுவனங்களும் ஆள் அனுப்பினார்கள். உச்சத்தில் ஒரே நாளில் 2,500 பேர்வரை அங்கே வெளியாட்களாக வேலை பார்த்தார்கள். 1997-இன் ஒற்றுமை அப்படியே திரும்பி வந்தது. ஆனாலும் முதல் வேஃபர் (சிப்கள் உருவாகும் சிலிக்கன் தகடு) லைன் மறுபடி ஓட ஜூன் 1 ஆகிவிட்டது. அதுவே திட்டமிட்டதைவிட முன்னதாக.

கை எத்தனை இருந்தாலும் சிப் வேகமாக வராது. ஒரு வேஃபர் நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து வெளியே வரவே ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். ஒரு ஆலையின் செய்முறைக்கென்று வடிவமைத்த சிப்பை வேறு ஆலைக்கு மாற்றினால் மறுபடி சோதித்து ஒப்புதல் வாங்க அதைவிட அதிக மாதங்கள் ஆகும்.

சிப்பாவது பெரிய விஷயம், பெயின்டைக் கேளுங்கள். ஃபுகுஷிமா மாகாணத்தின் ஒனஹாமாவில் ஜெர்மானிய மெர்க் நிறுவனத்தின் ஓர் ஆலை இருந்தது. கார் பெயின்டுக்கு மினுமினுப்புத் தரும் சிராலிக் என்ற நிறமியைச் செய்த ஒரே ஆலை அப்போது உலகத்திலேயே அதுதான். அது நின்றதும் அமெரிக்காவில் ஃபோர்டு சில கறுப்பு, சிவப்பு நிறங்களில் ஆர்டர் எடுப்பதை நிறுத்தியது. கார் வாங்க வந்தவருக்கு நிறம் ஏன் கிடைக்கவில்லை என்று விசாரித்தால் விடை ஃபுகுஷிமா கடலோரத்தில் இருந்தது.

டொயோட்டாவுக்கு அப்போதுதான் தன் சப்ளையர் அமைப்பின் உருவம் தெளிவாகத் தெரிந்தது. மேலே தாங்கள், கீழே முதல்நிலை, அதற்குக் கீழே இன்னும் அதிகமாக இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று பிரமிடு மாதிரி விரியும் என நினைத்திருந்தார்கள். நடுவில் விரிந்தது உண்மைதான். கீழே போகப் போக மறுபடி குறுகியது. வேறு வேறு முதல்நிலை சப்ளையர்கள் தெரியாமலேயே ஒரே மூன்றாம் நிலை ஆலையிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பம்பரம் மாதிரி, நடுவில் அகலம், கீழே ஒற்றை ஆணி.

இதை நான் புத்தகத்தில் படித்து நம்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் ஒரு சின்ன இரும்பு பிராக்கெட் இருந்தது. ஜாக்கிரதையாக இரண்டு வெண்டரிடம் பிரித்துக் கொடுத்திருந்தோம், ஒருவருக்கு அறுபது பங்கு, இன்னொருவருக்கு நாற்பது. இரண்டாவது சப்ளையர் இருக்கிறார் என்று ஆடிட்டில் பெருமையாகக் காட்டுவோம். ஒரு வியாழக்கிழமை முதல் வெண்டர் போன் செய்தார். ஜிங்க் ப்ளேட்டிங் (துத்தநாகப் பூச்சு) செய்யும் இடத்தில், தொட்டிக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையர் எரிந்துபோச்சு, மூன்று நாள் ஆகும் என்றார். சரி என்று இரண்டாமவரை அழைத்து அளவைக் கூட்டச் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சார், நாங்களும் அங்கதான் சார் கொடுக்கிறோம்" என்றார். அன்று இரவு முழுக்க நானும் ஸ்டோர்ஸ் ஆட்களும் பழைய பெட்டிகளைக் கவிழ்த்து ஒதுக்கி வைத்திருந்த பிராக்கெட்டுகளைப் பொறுக்கி எடுத்தோம். சனிக்கிழமை மதிய ஷிஃப்ட்டில் லைன் நின்றது. என் தாளில் இரண்டு சப்ளையர், நிஜத்தில் ஒரே தொட்டி.

டொயோட்டா இதற்கு எடுத்த வழி ரெஸ்க்யூ என்ற தரவுத்தளம். எந்தப் பாகத்தை எந்த ஊரில் எந்த ஆலையில் செய்கிறார்கள், அவர்கள் மூலப்பொருளை எங்கே வாங்குகிறார்கள் என்று பல அடுக்குகள் கீழே இறங்கிப் பதிவு செய்தார்கள். கேட்க எளிது, செய்யக் கடினம். முதல்நிலை சப்ளையருக்கு, தான் யாரிடம் வாங்குகிறோம் என்பது தொழில் ரகசியம். அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கு வாடிக்கையாளர் நேராக அவரிடமே போய்விடுவாரோ, அல்லது அந்த விலையைக் காட்டி நம் விலையைக் குறைக்கச் சொல்வாரோ என்ற பயம். எங்களுக்கும் இருக்கிற பயம்தான் அது. ரகசியம் காப்போம் என்று எழுதிக்கொடுத்தும் எல்லோரும் உடனே இணங்கவில்லை.

கூடவே இன்னொன்றும் செய்தார்கள். சிப் போன்ற, வாங்க நெடுநாள் பிடிக்கும் பாகங்களுக்கு சப்ளையர்கள் இரண்டு முதல் ஆறு மாதக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். கையிருப்பே வீண் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த நிறுவனம் இது. ஆனால் நினைத்துப் பார்த்தால் முரண்பாடு இல்லை. கையிருப்பு எவ்வளவு என்பது அந்தப் பாகம் மறுபடி கிடைக்க எத்தனை நாளாகும் என்பதைப் பொறுத்தது. நாலு மணி நேரத்தில் வருவதற்கு நாலு மணி நேரக் கையிருப்பு போதும். நாலு மாதத்தில் வருவதற்கு நாலு மாதம் வேண்டும். இந்தக் கையிருப்பின் செலவை முழுக்க சப்ளையர் தலையில் கட்டிவிடாமல், ஆண்டுதோறும் கேட்கும் விலைக் குறைப்பில் ஒரு பகுதியை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். டொயோட்டாவைப் பார்த்துச் செய்யும்போது இந்தப் பகுதியை மட்டும் மறந்துவிடுகிற நிறுவனங்கள்தான் அதிகம். சப்ளையரிடம் 'பஃபர் ஸ்டாக் வையுங்கள்' என்று மெயில் போடுவோம், அதற்கு வட்டி யார் கட்டுவது என்று பேச மாட்டோம்.

நான்கு மாதம் வாங்கிய கையிருப்பு

2020 வசந்தத்தில் கொரோனா ஊரடங்கில் கார் விற்பனை விழுந்தது, கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களுக்கு லேப்டாப்பும் மானிட்டரும் வேண்டியிருந்ததால் சிப் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. ஆண்டின் கடைசியில் கார் விற்பனை எதிர்பாராமல் மீண்டது. சிப் கேட்டுத் திரும்பி வந்த கார் நிறுவனங்களை வரிசையின் கடைசியில் நிற்கச் சொன்னார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸின் கடும் குளிரில் மின்சாரம் போய் அங்கிருந்த சிப் ஆலைகள் நின்றன. மார்ச் 19-இல் அதே நாகா ஆலையில், இந்த முறை 300 மில்லிமீட்டர் வேஃபர் லைன் இருந்த கட்டடத்தில், தீப்பிடித்தது.

ஃபோக்ஸ்வாகனும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் டொயோட்டா ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மாதம் வரைக்கும் சிப் இருக்கிறது என்று பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸை விற்பனையில் முந்தினார்கள். 1931-க்குப் பிறகு அந்த நிறுவனத்தின் முதலிடத்தை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை. பத்து ஆண்டுகளாக யாரும் பாராட்டாமல் கிடங்கில் கிடந்த சிப் பெட்டிகள் அந்த ஆண்டு பலன் கொடுத்தன.

ஆனால் ஆகஸ்ட் 19-இல் அவர்களும் இறங்கினார்கள். செப்டம்பருக்குத் திட்டமிட்டிருந்த ஏறக்குறைய 9 லட்சம் வண்டிகளை 5.4 லட்சமாகக் குறைத்தார்கள். மலேசியா, வியட்நாம் போன்ற நாடுகளில் டெல்டா அலையால் ஆலைகள் மூடப்பட்டிருந்தன. சிப்பை வெட்டி எடுத்து உறைக்குள் பொருத்திச் சோதிக்கும் வேலையில் பெரும்பகுதி தென்கிழக்கு ஆசியாவில் நடக்கிறது. வயர் ஹார்னஸ் (காரின் மின்கம்பிக் கட்டு) மாதிரி ஆள்பலம் வேண்டும் வேலைகளும் அங்கேதான். நம் ஊரிலும் அதே செப்டம்பரில் மாருதி சுசுகியின் ஹரியானா, குஜராத் ஆலைகள் வழக்கமான உற்பத்தியில் 40 சதவீதம் அளவுக்கே ஓடும் என்று அறிவிப்பு வந்தது. சப்ளையர்களான எங்களுக்கு அந்த மாதங்களில் ஷெட்யூல் வாரத்துக்கு ஒருமுறை மாறியது. கையில் சரக்கு தேங்கிக் கிடந்தது, சம்பளத் தேதி மட்டும் மாறவில்லை. சிப் தட்டுப்பாடு என்றால் சிப் வாங்குகிறவர்கள் கஷ்டம் என்று நினைக்கிறோம். இரும்பு வளைத்துக் கொடுக்கிறவர்களும் அதே கயிற்றில்தான் கட்டப்பட்டிருந்தார்கள்.

கையிருப்பு நேரத்தை வாங்கிக் கொடுக்கும், அந்த நேரத்துக்குள் மாற்று வழி தேட முடியும். 2021-இல் உலகம் முழுக்க மாற்று வழியே இல்லாமல் போனதால் நேரம் தீர்ந்ததும் டொயோட்டாவும் நிற்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஜப்பான் அரசின் உதவியோடு தைவானின் சிப் நிறுவனம் டிஎஸ்எம்சி ஜப்பானின் குமமோட்டோவில் ஆலை கட்டியதும், 2024 பிப்ரவரியில் டொயோட்டா அந்த முயற்சியில் பங்கு எடுத்ததும் இந்த அனுபவத்தின் நேரடி விளைவு.

பாகம் இருந்தும் நின்ற லைன்

2022 பிப்ரவரி 26, சனிக்கிழமை இரவு. டொயோட்டா நகரில் உள்ள கொஜிமா இண்டஸ்ட்ரீஸ் காருக்குள் வரும் பிளாஸ்டிக் பாகங்கள் போன்றவற்றைச் செய்கிற நிறுவனம். அங்கே ஃபைல் சர்வரில் கோளாறு தெரிந்தது, திரையில் மிரட்டல் செய்தி வந்தது. ரேன்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள். பரவாமல் இருக்க சர்வர்களை எல்லாம் நிறுத்தினார்கள். கொஜிமாவின் இயந்திரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மூலப்பொருள் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். ஆனால் எந்தப் பாகம், எத்தனை, எந்த ஆலைக்கு, எந்த நேரத்துக்கு என்ற தகவல் போய்வரும் வழி அடைந்துவிட்டது. மார்ச் 1-ஆம் தேதி ஜப்பானில் டொயோட்டா குழுமத்தின் 14 ஆலைகளில் 28 லைன்களும் நின்றன. ஒரு நாளில் ஏறக்குறைய 13,000 வண்டிகள்.

உள்ளே வந்த வழி பற்றி கொஜிமா வெளியிட்ட அறிக்கை சொல்வது: ஒரு துணை நிறுவனம், குறிப்பிட்ட ஒரு வெளி நிறுவனத்தோடு தொடர்புகொள்ளத் தனியாக வைத்திருந்த ரிமோட் இணைப்புக் கருவியில் ஓட்டை இருந்திருக்கிறது. டொயோட்டாவிலிருந்து எண்ணினால் சப்ளையர், அவருடைய துணை நிறுவனம், அந்தத் துணை நிறுவனம் யாருடனோ பேச வைத்த ஒரு பெட்டி. ஒற்றை ஆணி இந்த முறை ஒரு நெட்வொர்க் கருவியாக இருந்தது. பாகங்களின் வரைபடத்தை எவ்வளவு ஆழமாகப் போட்டிருந்தாலும் அந்தப் பெட்டி அதில் வராது.

கான்பன் என்பது தொடக்கத்தில் ஓர் அட்டை. பெட்டியிலிருந்த பாகம் தீர்ந்ததும் அட்டை திரும்பிப் போகும், அதுவே அடுத்த ஆர்டர். டொயோட்டாவின் பொறியாளர் டாய்ச்சி ஓனோவின் ஆட்கள் அதை வடிவமைத்தபோது ஓர் அட்டை தொலைந்தால் ஒரு பெட்டி தாமதமாகும். இன்று அட்டை மின்னணு தகவலாகிவிட்டது. வேகம் பல மடங்கு, தவறு குறைவு. ஆனால் நிற்கும்போது எல்லா அட்டைகளும் ஒரே நொடியில் தொலைகின்றன.

2023 ஆகஸ்ட் 29-இல் நடந்ததைப் பார்த்தால் வெளியிலிருந்து யாரும் தாக்கக்கூட வேண்டியதில்லை என்று புரியும். அன்று மறுபடி 14 ஆலைகள், 28 லைன்கள் நின்றன. பாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் 27-ஆம் தேதி வழக்கமான பராமரிப்பு நடந்தது. தரவுத்தளத்தில் சேர்ந்திருந்த தரவுகளை அழித்து ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதவில்லை, பிழை வந்தது, அமைப்பு நின்றது. மாற்றாக இருந்த சர்வர்களும் அதே அமைப்பில் இயங்கியதால் அவையும் அதே காரணத்தால் விழுந்தன. கொள்ளளவு அதிகமான சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகு 30-ஆம் தேதி ஆலைகள் ஓடின.

அந்த மாற்று சர்வர்களைப் பற்றிப் படித்ததும் எனக்கு எங்கள் ப்ளேட்டிங் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. தாளில் இரண்டு, நிஜத்தில் ஒன்று.

இப்போது விற்கப்படும் தீர்வுகள்

கண்காட்சிக்குப் போனால் ஒவ்வொரு அரங்கிலும் இந்தப் பிரச்சினைக்கு ஒரு பெட்டி மருந்து இருக்கிறது. டிஜிட்டல் ட்வின் (ஆலை, சப்ளையர் அமைப்பின் கணினி நகல்), செயற்கை நுண்ணறிவு அபாய எச்சரிக்கை, 3டி பிரிண்டிங், பிளாக்செயின். எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. செய்தியும் வானிலையும் துறைமுக நெரிசலும் பார்த்து எச்சரிக்கும் மென்பொருள்கள் உண்மையிலேயே நேரம் தருகின்றன. மற்றவர்களுக்கு முன்பே ஆர்டர் போடுகிறவருக்குத்தான் தட்டுப்பாட்டில் சரக்கு கிடைக்கும். ஆனால் ஒனஹாமாவில் என்ன நடந்தாலும், அங்கே நம் நிறமி செய்யப்படுகிறது என்ற தகவல் உள்ளே இல்லையென்றால் அந்த மென்பொருள் நமக்கு ஒன்றும் சொல்லாது. டிஜிட்டல் ட்வினும் அப்படித்தான், நாம் கொடுக்காத சப்ளையரை அது தானாக வரைந்துகொள்ளாது. 3டி பிரிண்டிங் ஜிக், ஃபிக்சர் போன்றவற்றை அவசரத்துக்குச் செய்ய மிகவும் உதவுகிறது. ஒரு நாளைக்கு 32,500 வால்வு செய்ய அதை நம்பி இறங்க மாட்டேன்.

எனக்கு நம்பிக்கை தருவது பொதுவான தரவுப் பரிமாற்ற முயற்சிகள். ஜெர்மனியில் 2021-இல் தொடங்கிய கேட்டனா-எக்ஸ், ஜப்பான் அரசு முன்னெடுக்கும் உரானோஸ் இரண்டின் எண்ணமும் ஒன்றுதான்: தரவு அவரவரிடமே இருக்கட்டும், கேட்கிறவருக்குத் தேவையானதை மட்டும் ஒரே வடிவத்தில் பகிரலாம். 2011-இல் ரெஸ்க்யூ சந்தித்த அதே பயத்துக்கு இது ஒரு பதில். இதன் அருமை சிறு சப்ளையருக்குத் தெரியும். இப்போது ஆறு வாடிக்கையாளர் இருந்தால் ஆறு போர்ட்டல், ஆறு பாஸ்வேர்டு, அதே கேள்விக்கு ஆறு விதமான எக்செல். எங்களுக்கு ரப்பர் பாகம் தரும் ஒரு பட்டறையில் இதையெல்லாம் நிரப்புவது முதலாளியின் மகள்தான், கல்லூரி முடிந்து வந்து சாயங்காலத்தில். அந்தப் பெண்ணுக்கு நேரம் இருக்கிற அளவுக்குத்தான் பெரிய நிறுவனங்களின் சப்ளையர் வரைபடம் சரியாக இருக்கும்.

கணினிப் பாதுகாப்பும் அப்படியே. ஜப்பானின் கார் உற்பத்தியாளர் சங்கமும் உதிரிபாக உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து 2020-இலேயே சப்ளையர்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டி வெளியிட்டிருந்தன. கொஜிமா சம்பவம் 2022-இல். வழிகாட்டிக்கும் துணை நிறுவனத்தின் மூலையில் இருந்த அந்தப் பெட்டிக்கும் நடுவே இருந்த தூரத்தை யாராவது நேரில் போய்த்தான் குறைக்க வேண்டும். செலவுக்கும் யாராவது பணம் தர வேண்டும். 1997-இல் 1 சதவீதம் கொடுத்த மாதிரி, 2011-க்குப் பிறகு விலைக் குறைப்பைத் திருப்பிக் கொடுத்த மாதிரி, இதற்கும் கொடுத்தால்தான் நடக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் கம்பெனியில் பிராக்கெட் சம்பவத்துக்குப் பிறகு வெண்டர் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தோம்: பாகம் உங்கள் இடத்தைவிட்டு வெளியே எங்கெல்லாம் போய்வருகிறது? ப்ளேட்டிங், பெயின்டிங், கிரைண்டிங், எல்லாவற்றுக்கும் ஊரும் தெருவும் கேட்டோம். முதல் சுற்றில் பாதிப்பேர் வெறுமனே விட்டார்கள். நேரில் போய், உங்கள் ஆளிடம் நாங்கள் நேராக வாங்க மாட்டோம் என்று எழுதிக்கொடுத்த பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வந்ததை ஒரு பெரிய தாளில் ஒட்டியபோது ஒரே தெருப் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. ப்ளேட்டிங்கில் இப்போது நிஜமாகவே இரண்டு தொட்டி. இந்த ஆண்டு படிவத்தில் இன்னொரு வரியும் சேர்ந்திருக்கிறது, ஆர்டர் வரும் கம்ப்யூட்டர் நின்றால் எந்தத் தாளைப் பார்த்து அனுப்புவீர்கள் என்று. ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு (சூடாக்கிப் பதப்படுத்த) போய்வரும் பாகங்களின் பட்டியல் இன்னும் முடியவில்லை. அடுத்த வாரம் அதற்காக இரண்டு பேர் கோயம்புத்தூர் போகிறோம்.